முன்தேதி

கண்ணாடிக் கிண்ணத்தில் துண்டுச் சீட்டுகள்.
திருவுளச்சீட்டு எடுப்பவரின் முகத்தோடு
எழுத்தர் கைவிட்டுக் கலைத்தார்.
ஏழாவதாக வந்தது என் பெயர்: யூனா கெய்ர்ட்.
இன்வெர்னஸ் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
பத்தொன்பது ஆண்டு விரிப்பு வெளுத்தவள்
பதினைந்து பேரில் ஒருத்தியானேன்.

ஸ்காட்லாந்து வழக்கில் முன்னுரை கிடையாது.
வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவைகளோடு
நீதிபதி எழுந்து வலக்கை உயர்த்தினார்.
முதல் சாட்சி அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னான்.
அவ்வளவுதான்,
நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே
பிணம் எங்கள் நடுவில் கிடந்தது.

இறந்தவன் டாட் ப்ரெம்னர், விக் துறைமுகத்து ஐஸ் ஆலைக்காரன்.
கூண்டில் நின்றவன் மேக்னஸ் ஸ்வான்சன், இருபத்துநான்கு.
ஒரே படகில் மூன்று பருவம் வலை இழுத்தவர்கள்.
நூற்று நாற்பது பவுண்டுக் கடன்.
மீன் அரியும் கத்தி.
ஒரே குத்து.

இங்கே எதற்கும் இரண்டு வேண்டும்.
ஒரு வாய் சொன்னால் பேச்சு,
இன்னொன்றும் சொன்னால்தான் சாட்சியம்.
ஆகவே இரண்டு மருத்துவர்கள் ஒரே காயத்தை அளந்தார்கள்.
இரண்டு காவலர்கள் ஒரே இரவைச் சொன்னார்கள்.
(ஒருவர் மழை என்றார், மற்றவர் ஆலங்கட்டி.)

மூன்றாம் நாள் மேக்னஸின் சட்டை வந்தது,
பிளாஸ்டிக் உறைக்குள், அடையாள எண் ஆறு.
கை மாறிக் கை மாறி என் மடிக்கு வந்தபோது
யாரும் கேட்காத ஒன்று எனக்குத் தெரிந்தது.
இதை யாரோ வெந்நீரில் அலசியிருக்கிறார்கள்.
ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர்தான்;
சூடு பட்டால் கறை நூலை விடாது.
"நான் எதையும் தொடவில்லை"
என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள் அவன் தாய்,
கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி.
எந்த வழக்கறிஞரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.
எனக்கோ அங்கே வாய் கிடையாது.
இருந்தாலும் ஒரே ஒரு வாய்.

ஆறாம் நாள் எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.
அங்கே பேசியதை வெளியில் சொல்வது குற்றம்.
சொல்லவில்லை.
பிஸ்கட் சீக்கிரம் தீர்ந்தது,
ஜன்னல் திறக்கவில்லை,
இவை சட்டத்துக்கு உட்பட்டவை என்று நினைக்கிறேன்.

கொலையில்லை. கொலையாகாத மனிதச்சாவு. குற்றவாளி.
"ஒருமனதாகவா, பெரும்பான்மையாலா?"
"பெரும்பான்மை."
எட்டா, பதினான்கா?
அதை யாரும் கேட்பதில்லை.
எழுத்தர் எழுதி, எழுதியதை உரக்க வாசித்து,
"இது உங்கள் தீர்ப்பின் உண்மையான பதிவுதானா?" என்றார்.
பதினைந்து தலைகள் ஆடின.
என் தலையும்.

தண்டனைக்கு நான்கு வாரம் தள்ளி வைத்தார்கள்.
எங்களுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
அந்த நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
பின்வரிசையில், தெரியாதவள்போல் போய் உட்கார்ந்தேன்.
ஒன்பது ஆண்டுகள்.
காவலில் வைத்த மார்ச் பதினொன்றிலிருந்து
முன்தேதியிட்டு.
மேக்னஸ் தலையைச் சாய்த்தான்,
காது சரியாகக் கேட்காதவனைப்போல.

மார்ச் பதினொன்று.
கைப்பையில் பழைய நாட்குறிப்பைப் புரட்டினேன்:
மூன்றாம் இயந்திரம் பழுது. பல் வைத்தியர், நாலரை மணி.
வாய் மரத்து, எச்சில் ஒழுக
நான் பேருந்துக்குக் காத்திருந்த அந்த மாலையே
நான் சொல்லப்போகும் தீர்ப்பின் தண்டனை
ஓடத் தொடங்கியிருக்கிறது.

விக்குக்குப் போக மாலையில் ஒரே ரயில்.
நான்கு மணி நேரத்துக்கு மேல்.
டாட்டின் தாய் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றாள்.
பத்தடி தள்ளி, பைக்குள் கைகளோடு, மற்றவள்.
எனக்கு அங்கே வேலையில்லை,
ஆனாலும் தேநீர் வாங்கிக்கொண்டு நின்றேன்.

ரயிலுக்கு இரண்டே பெட்டிகள்.
ஒருத்தி எதில் ஏறுகிறாள் என்று தெரியும்வரை
மற்றவள் நகரவில்லை.